மன்னிப்பு மூடுதிரையாகக் கூடாது

மலையகத்தில் சிறுவர்களுக்கும் பெண்களுக்கும் எதிரான துஷ்பிரயோகம் குறித்துச் செய்தி வெளிவரும் போதெல்லாம் பொலிஸாரும் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் கண்டனத்துக்கு உள்ளாகின்றனர். அது நியாயமானதே. எனினும், அந்த விடயம் பொலிஸ் நிலையத்தை எட்டுவதற்கு முன்னர் அதனை முதலில் கேட்டறிந்தவர் யார், கேட்டபின் அவர் செய்தது என்ன என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. லயத்தில் வாழும் ஒரு தாய் தனது மகளுக்கு நேர்ந்ததை அறிந்தவுடன் நேரே சட்டத்தரணியிடம் செல்வதில்லை. உறவினரிடமும், தோட்டத் தலைவரிடமும், கோவில் குருக்களிடமும், பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடமும், தேவாலயத்தின் போதகரிடமுமே அவள் முதலில் செல்கின்றாள். அவர்கள் கூறும் ஒரு வார்த்தையில் அச்சிறுமியின் வாழ்வு இருபுறமும் சாயக்கூடும்.

இக்காரணத்தினாலேயே, துஷ்பிரயோகத்தைத் தடுக்கவும் பாதிக்கப்பட்டோர் மீண்டெழவும் துணைசெய்யும் பொருட்டு கிறிஸ்தவ உலகம் கடந்த சில தசாப்தங்களில் உருவாக்கியுள்ள வழிகாட்டல்களும் பயிற்சி நூல்களும் நமது கவனத்துக்குரியனவாகின்றன. அவை கொழும்பிலும் கண்டியிலும் உள்ள ஆயர் இல்லங்களின் அலுமாரிகளில் உறங்குவதா, அல்லது கினிகத்தேனையைச் சூழ்ந்த தோட்டங்களிலுள்ள சிறு தேவாலயங்களுக்கும் ஜெபக்கூடங்களுக்கும் வந்து சேர்வதா என்பதே வினா.

கினிகத்தேனையை நாம் இங்கு குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அவிசாவளையிலிருந்து ஹட்டன் நோக்கிச் செல்லும் ஏ-7 வீதியில், கித்துல்கலையைக் கடந்து மலையேறியதும் எதிர்ப்படும் நகரம் அது. நாவலப்பிட்டிக்கும் நோட்டன் பிரிட்ஜுக்கும் பாதைகள் பிரிவது அங்கேயே. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூவினத்தாரும் ஒரே கடைவீதியில் புழங்குகின்றனர். பொலிஸ் நிலையமும் அரச அலுவலகங்களும் அந்நகரில் உள்ளன. ஆயினும், வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேற்பிரிவிலிருந்து ஒரு பெண் அங்கு வந்து முறைப்பாடு செய்வதற்கு ஒரு நாட் சம்பளத்தை இழக்க வேண்டும். மழையில் நடந்து வந்து பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். தனது மொழி தெரிந்த உத்தியோகத்தர் கடமையில் இருப்பாரா என்று ஏங்க வேண்டும். ஊர் திரும்பும் முன்னரே செய்தி லயத்தை எட்டியிருக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் அடுத்த காம்பராவிலேயே வாழ்பவராகவும் இருக்கலாம். சுவர் ஒன்று மாத்திரமே இடையில் உள்ள வாழ்க்கையில் இரகசியம் என்பது இல்லை; பாதுகாப்பும் இல்லை.

மௌனத்தின் விலை என்னவென்பதை 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் மலையகம் கண்டது. டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருவர், கொழும்பில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த நிலையில் கடுமையான தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் உயிரிழந்தார். பாலியல் துஷ்பிரயோகம் பற்றிய ஐயமும் விசாரணைகளின்போது எழுந்தது. குற்றப் பொறுப்பைத் தீர்மானிப்பது நீதிமன்றத்துக்குரிய பணி. அதில் நாம் தலையிடப் போவதில்லை. ஆனால், அம்மரணத்தைத் தொடர்ந்து எழுந்த பேச்சு விரைவிலேயே கட்சி அரசியலாகவும் இனப் பிரச்சினையாகவும் திரிந்ததை நாம் மறக்கலாகாது. வீட்டுரிமையாளர் எந்தச் சமூகத்தவர் என்பது பேசப்பட்ட அளவுக்கு, வறுமையின் காரணமாகப் பாடசாலையைவிட்டுப் பிள்ளைகளை நகரங்களுக்கு அழைத்துச் செல்லும் தரகர்களைப் பற்றியோ, அச்சிறுமியர் தமது துயரைச் சொல்வதற்கு ஒருவரேனும் உண்டா என்பதைப் பற்றியோ பேசப்படவில்லை.

சட்டங்கள் இல்லையெனக் கூற முடியாது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையில் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம், தகாத உறவு, சிறுவர் கொடுமை ஆகியவற்றைக் குற்றங்களாக வரையறுத்து, பாலுறவுக்கான சம்மத வயதை 16ஆக உயர்த்தியது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைக்கப்பட்டு, பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா அதன் முதலாவது தலைவரானார். சிறுவரின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவுசெய்து சாட்சியமாக முன்வைக்க 1999ஆம் ஆண்டின் சட்டம் இடமளித்தது. 2005ஆம் ஆண்டில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், 2015ஆம் ஆண்டில் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டமும் வந்தன. பின்னையதன் இடத்தை 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பெற்றது. தொழில் புரிவதற்கான குறைந்தபட்ச வயதும் 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. 1929 என்ற இலக்கத்தை அழைத்துச் சிறுவர் தொடர்பான முறைப்பாட்டைத் தெரிவிக்கலாம்.

இத்தனை இருந்தும், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, கணவன் அல்லது துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறையை வாழ்நாளில் அனுபவித்த பெண்களின் வீதம் 20.4 ஆகும். அதாவது, ஐவரில் ஒருவர். அவர்களுள் பலர் எந்தவொரு நிறுவனத்தின் உதவியையும் நாடாதவர்கள். சட்டத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இடையிலுள்ள அந்த நீண்ட தூரத்தில்தான் மதபீடங்கள் நிற்கின்றன. அவை பாலமாக இருக்கின்றனவா, சுவராக இருக்கின்றனவா என்பதே கேள்வி.

மலையகக் கிறிஸ்தவத்துக்கு இவ்விடயத்தில் தனியான பொறுப்பு உண்டு. தோட்டத் தொழிலாளருக்கென அங்கிலிக்கன் மிஷனரிகள் 1854ஆம் ஆண்டில் தனிப் பணியொன்றைத் தொடங்கினர். தோட்டத்து மக்கள் எழுத்தறிவு பெற்றதில் மிஷன் பாடசாலைகளுக்குப் பங்குண்டு. 1972ஆம் ஆண்டில் அருட்தந்தை போல் கெஸ்பர்ஸ் கண்டியில் நிறுவிய சத்தியோதயம் நிலையம், இன, மத பேதமின்றித் தோட்ட மக்களின் உரிமைகளுக்காகக் குரல் கொடுத்தது. எண்ணிக்கையில் சிறுபான்மையினராயினும், தோட்டத்து மக்கள் திருச்சபையின்மீது வைத்த நம்பிக்கை இவ்வாறு சம்பாதிக்கப்பட்டதாகும். நம்பிக்கை பெருகுமிடத்தில் அதனைத் தவறாகப் பயன்படுத்தும் வாய்ப்பும் பெருகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிறிஸ்தவ உலகம் உருவாக்கியுள்ள வளங்களை மூன்று வகையாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது, வேதநூலைப் புதிய கண்களுடன் வாசித்தல். சாமுவேலின் இரண்டாம் நூல், 13ஆம் அதிகாரத்தில் தாவீது அரசனின் மகள் தாமாரின் கதை வருகின்றது. மாற்றாந்தாயின் மகனாகிய சகோதரன் அம்னோன் அவளைப் பலாத்காரம் செய்கின்றான். அதற்குச் சூழ்ச்சி சொல்லிக் கொடுப்பவன் உறவினன். இன்னொரு சகோதரன் அவளை மௌனமாயிருக்கச் சொல்கின்றான். தந்தை கோபம் கொள்கின்றார். ஆனால் எதுவும் செய்வதில்லை. பிரசங்க மேடைகளில் அரிதாகவே கேட்கும் இவ்வதிகாரத்தைத் தென்னாபிரிக்காவின் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த உஜாமா நிலையத்தினர் 1990களில் சிறு குழுக்களில் வாசிக்கத் தொடங்கினர். இக்கதையில் வரும் ஆண்கள் ஒவ்வொருவரும் ஆற்றிய பங்கு என்ன, தாமார் பேசியது என்ன, இது போன்ற சம்பவம் நமது ஊரில் உண்டா என்ற எளிய கேள்விகளே அவ்வாசிப்பின் அடிப்படை. அதுவே பின்னர் தாமார் இயக்கமாகப் பிற ஆபிரிக்க நாடுகளுக்கும் பரவியது. லயத்து வாழ்க்கையை அறிந்த எவருக்கும் அந்த அரண்மனையின் கதை அந்நியமாகத் தோன்றாது. சூழ்ச்சி சொல்பவர், அடக்குபவர், கோபித்துவிட்டுச் சும்மாயிருப்பவர் ஆகிய மூவரும் இங்கும் உள்ளனர்.

இரண்டாவது, செவிமடுக்கும் பயிற்சி. ஆபிரிக்காவின் உள்நாட்டுப் போர்களின் பின்னணியில் உருவாகி, வேதாகமச் சங்கங்களின் ஊடாகப் பல மொழிகளில் பரவிய உளக்காயம் ஆற்றும் பயிற்சி இதற்கு நல்ல உதாரணம். கேட்பவர் மூன்று கேள்விகளையே கேட்க வேண்டும் என அது கற்பிக்கின்றது. என்ன நடந்தது? அப்போது உங்கள் மனம் எவ்வாறிருந்தது? அதில் தாங்க முடியாததாக இருந்தது எது? அறிவுரை கூறுவதும், குறுக்கு விசாரணை செய்வதும், வேத வசனத்தை மருந்துபோல் உடனே ஊட்டுவதும் தவிர்க்கப்பட வேண்டும். இறைவனிடம் முறையிட்டு அழுவதும் வேதநூல் அங்கீகரித்த ஜெபமே என்பதை அது நினைவூட்டுகின்றது. பட்டம் பெற்ற உளவளத்துணையாளர் ஒருவரைக் காண்பதே அரிதான தோட்டப் பகுதியில், ஞாயிறு பாடசாலை ஆசிரியை ஒருவர் இதனைக் கற்றுக்கொள்வது சிறிய விடயமன்று. ஆனால், அவர் வைத்தியருக்கோ சட்ட வைத்திய அதிகாரிக்கோ மாற்றீடாக மாட்டார். உறக்கமின்மை, திடீர் அலறல், உணவை வெறுத்தல் ஆகிய அறிகுறிகளைப் பேய் பிடித்ததாகக் கருதி விரட்டும் ஜெபத்துக்கோ மந்திரவாதியிடமோ பிள்ளையைக் கொண்டுசெல்வது காயத்தின்மேல் காயமாகும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்பது போன்ற மருத்துவ அறிவு, ஜெபத்துடன் சேர்ந்தே செல்ல வேண்டும்.

மூன்றாவது, விதிமுறைகள். அங்கிலிக்கன் திருச்சபைகளின் உலக ஆலோசனைச் சபை 2012ஆம் ஆண்டில் பாதுகாப்பான திருச்சபைக்கான சாசனம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. கத்தோலிக்கத் திருச்சபையில் பாப்பரசர் பிரான்சிஸ் 2014இல் சிறுவர் பாதுகாப்புக்கான ஆணைக்குழுவை நிறுவினார். துஷ்பிரயோகம் பற்றி அறியும் குருக்களும் துறவியரும் அதனைத் திருச்சபை அதிகாரிகளுக்கு அறிவித்தேயாக வேண்டும் என்ற சட்டத்தை 2019இல் பிரகடனப்படுத்தி, 2023இல் நிரந்தரமாக்கினார். நமது நாட்டில் 1978இல் தொடங்கப்பட்ட சுவிசேஷ சபைகளின் சமூகப் பணி நிறுவனமான லீட்ஸ், ‘எஸ்கேப்’ என்ற திட்டத்தின் மூலம் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளான சிறுவருக்கு உதவி வந்துள்ளது. ஆகவே, வளங்கள் வெளிநாட்டில் மாத்திரமே உள்ளன என்ற சாக்கு செல்லாது.

இவ்வளங்கள் புனிதர்களின் கொடையாகத் தோன்றியவையல்ல. பெரும் தோல்விகளின் பின்னர் பிறந்தவை. இங்கிலாந்தில் ஜோன் ஸ்மித் என்ற சட்டத்தரணி, கிறிஸ்தவ முகாம்கள் ஊடாகச் சிறுவர்களையும் இளைஞர்களையும் கொடூரமாகத் தாக்கியதைத் திருச்சபைத் தலைவர்கள் அறிந்திருந்தும் பல்லாண்டுகளாக உரிய நடவடிக்கை எடுக்கவில்லை. பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். அவர் ஆபிரிக்காவுக்குச் சென்று அங்கும் தொடர்ந்தார். இது பற்றிய சுயாதீன அறிக்கை வெளியானதை அடுத்து, 2024 நவம்பரில் கன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். இலங்கைத் திருச்சபையின் இரு மறைமாவட்டங்களும் கன்டர்பரி பேராயரின் மேற்பார்வைக்கு உட்பட்டவை என்பதால், இது நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. சென்னையில் பிறந்து உலகப் புகழ்பெற்ற பிரசங்கியாக விளங்கிய ரவி சகரியாஸ் 2020இல் காலமானபின், அவரது பாலியல் துர்நடத்தைகளை உறுதிப்படுத்திய விசாரணை அறிக்கை 2021 பெப்ரவரியில் வெளியானது. அதற்கு முன்னர் முறையிட்ட பெண்ணைச் சொந்தப் பக்தர்களே பொய்யராக்கினர். நாவன்மை நல்லொழுக்கத்துக்குச் சான்றாகாது என்பதே இதன் பாடம்.

கேரளத்தின் கொட்டியூரில் நிகழ்ந்தது இன்னும் நெருக்கமானது. 16 வயதுச் சிறுமியைப் பலாத்காரம் செய்த பங்குத்தந்தைக்கு 2019இல் நீதிமன்றம் 20 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. மேல் நீதிமன்றம் பின்னர் அதனை 10 ஆண்டாகக் குறைத்தது. குற்றவாளியைக் காப்பாற்றும் பொருட்டு ஆரம்பத்தில் சிறுமியின் தந்தையே பழியை ஏற்கும் நிலை உருவானது. பின்னர், திருமணம் செய்துகொள்வதற்கு அனுமதி வேண்டி உச்ச நீதிமன்றம் வரை விண்ணப்பங்கள் சென்றன. 2021 ஆகஸ்டில் நீதிமன்றம் அவற்றை ஏற்க மறுத்தது. பாதிக்கப்பட்டவளைக் குற்றவாளிக்கே மணமுடித்துக் கொடுத்துக் கணக்கைத் தீர்ப்பது நமது தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் புதியதா என்று வாசகர்களே தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இங்கேதான் மன்னிப்பு என்ற சொல் எச்சரிக்கையுடன் கையாளப்பட வேண்டியதாகின்றது. சகோதரன் குற்றம் செய்தால் அவனிடம் தனித்துப் பேசு என்ற மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் போதனையைக் காட்டி, பிள்ளையையும் குற்றவாளியையும் ஒரே அறையில் அமர்த்திச் சமரசம் செய்த சபைகள் உலகெங்கும் உண்டு. விசுவாசிகள் தமக்குள் நியாயஸ்தலத்துக்குப் போகலாகாது என்ற பவுலின் அறிவுரையும் அவ்வாறே திரிக்கப்பட்டது. அதே 18ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், சிறியோரை இடறச் செய்பவனுக்கு இயேசு விடுத்த ஏந்திரக்கல் பற்றிய எச்சரிக்கை உள்ளதை அவர்கள் வசதியாக மறந்தனர். மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. அதனை அவருக்காக வேறொருவர் வழங்க முடியாது. அவரிடமிருந்து வற்புறுத்திப் பெறவும் முடியாது. அவர் மன்னித்துவிட்டாலும் குற்றம் குற்றமே. விசாரணை நடைபெற வேண்டியதே.

வத்திக்கானின் 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது விதிக்கும் கடமை திருச்சபைக்குள் அறிவிப்பதாகும். நாட்டின் சட்டம் விதிக்கும் கடமைகளுக்கு அது தடையில்லை எனக் கூறினாலும், பொலிஸாரிடம் செல்லுமாறு எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. பாவசங்கீர்த்தனத்தின் இரகசியமும் மீற முடியாததாகவே உள்ளது. அவ்வாறாயின், சங்கீர்த்தனத்துக்கு வெளியே கேட்டறிந்தது எதற்கும் அந்த முத்திரை பொருந்தாது என்பதைப் பங்குத்தந்தையர் தெளிவாக உணர வேண்டும். வாசற்படியில் அழுதுகொண்டு ஒரு தாய் சொன்னது இரகசியமன்று. அது ஒரு முறைப்பாடு.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. பலாத்காரத்தினால் கருவுற்றாலும், தாயின் உயிரைக் காப்பதற்கன்றி கருக்கலைப்பை இந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2017இல் அதனைத் தளர்த்த முன்வைக்கப்பட்ட யோசனையைக் கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. அந்த நிலைப்பாட்டை எடுக்கும் உரிமை அதற்குண்டு. ஆனால், அவ்வுரிமையுடன் ஒரு கடனும் சேர்ந்து வருகின்றது. 15 வயதில் தாயாக்கப்பட்ட சிறுமி பாடசாலைக்குத் திரும்புவதற்கும், அவளது குழந்தை பழிச்சொல் இன்றி வளர்வதற்கும் பொறுப்பேற்காத திருச்சபை, உயிரின் புனிதத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

இவையெல்லாம் கிறிஸ்தவர்களின் வீட்டு விவகாரமென நமது இந்து, முஸ்லிம் வாசகர்கள் கருதலாகாது. தோட்டத்தில் பெரும்பான்மையோர் இந்துக்கள். மாரியம்மன் கோவில் முன்றலில் தலைவர்மார் கூடி, குடும்ப மானத்தைக் காக்கும் பெயரில் சிறு தொகைப் பணத்துடன் விடயத்தை முடித்து வைப்பது எவருக்கும் தெரியாததன்று. முஸ்லிம் சமூகத்திலும் ஊர் மானமே பல வேளைகளில் பிள்ளையின் வாயை அடைக்கின்றது. உறவினருக்கு எதிராகவேனும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம், 135ஆம் வசனம் பணிப்பதை உலமாக்கள் அறியாதவர்களல்லர். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் தொடர்பாக 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு தனது அறிக்கையைக் கையளிக்க 2018ஆம் ஆண்டாயிற்று. அவ்விவாதத்தை விடாது முன்னெடுத்தவர்கள் முஸ்லிம் பெண்களே. தன் வீட்டைத் தானே கேள்விக்குட்படுத்தும் துணிவு ஒரு மதத்துக்கு மாத்திரம் உரித்தானதல்ல என்பதற்கு அதுவே சான்று.

திருச்சபைகளும் ஓர் ஐயத்தைப் போக்க வேண்டியுள்ளது. துன்பத்தில் இருப்பவருக்குச் செய்யும் உதவி மதமாற்றத்துக்கான தூண்டில் என்ற குற்றச்சாட்டு மலையகத்தில் அடிக்கடி எழுவதாகும். பாதிக்கப்பட்ட இந்துச் சிறுமியோ முஸ்லிம் பெண்ணோ தேவாலயத்தின் உதவியை நாடினால், அவர் தமது நம்பிக்கையுடனேயே வந்து, அதனுடனேயே திரும்பிச் செல்லும் நிலை உறுதிப்படுத்தப்பட வேண்டும். காயப்பட்டவரின் பலவீனத்தை விசுவாச அறுவடையாக்குவதும் ஒருவகைத் துஷ்பிரயோகமே.

இந்நிலையில் கினிகத்தேனையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உள்ளன. ஒவ்வொரு தேவாலயமும் தனது சிறுவர் பாதுகாப்பு விதிகளை ஒரே பக்கத்தில், எளிய தமிழில் எழுதி வாசலில் ஒட்டலாம். முறைப்பாட்டைக் கேட்பதற்கென இருவர் பெயர் குறிக்கப்பட வேண்டும். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் அவசியம். போதகரைப் பற்றியே முறைப்பாடு எழுந்தால் எங்கு செல்வது என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். ஞாயிறு பாடசாலையிலோ மாலை வகுப்பிலோ பெரியவர் ஒருவர் பிள்ளையுடன் மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது. கேட்டறிந்த விடயத்தை விசாரிக்க முற்படாமல், 1929க்கோ பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவுக்கோ அறிவித்து, அந்தக் குடும்பத்துடன் கூடச் செல்ல வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

பிரதேச செயலக மட்டத்தில் சிறுவர் அபிவிருத்திக் குழுக்கள் இயங்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் ஏற்பாடு. சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் நன்னடத்தை உத்தியோகத்தரும் அங்கம் வகிக்கும் அக்குழுவில் பங்குத்தந்தையும், போதகரும், குருக்களும், மௌலவியும், பிக்குவும் ஒரே மேசையில் அமரட்டும். தோட்டத்தின் பிள்ளை மடுவத்தில் பணிபுரியும் பெண்களும் அங்கு அழைக்கப்பட வேண்டும். பிள்ளையின் உடலில் உள்ள காயத்தை முதலில் காண்பவர்கள் அவர்களே.

வழக்குகள் மேல் நீதிமன்றத்தில் முடிவடைய ஆண்டுகள் பல செல்கின்றன. முறைப்பாடு செய்த நாளில் 12 வயதாயிருந்தவள் சாட்சிக் கூண்டில் ஏறும்போது இளம் பெண்ணாகி விடுகின்றாள். அந்த இடைக்காலம் முழுவதும் அவளுடன் நடப்பவர் யார்? ஹட்டன் செல்லும் பஸ்ஸில் அவளருகே அமர்பவர் யார்? லயத்தில் அவளைப் பார்த்து முகம் திருப்புவோருக்கு முன்னால், அவளது வீட்டுக்குச் சென்று தேநீர் அருந்துபவர் யார்? திருச்சபையிடம் இதற்குத் தேவையான நூல்களும் ஆட்களும் உள்ளனர். இனி வேண்டியது, தனது நற்பெயருக்கு முன்பாக அந்தப் பிள்ளையை நிறுத்தும் மனம்.